வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

1

பினாங்கில் நான் பார்க்கும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்குள்ள ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது, ஒரு நாளை எப்படிப் பங்கு போடுவது என்று சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் நடத்துவதில்லை. படித்ததை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்வேன். எழுதாமல் வாயால் உருப்போடுகிறவர்களைத் திட்டுவேன். பரீட்சைக்கு முந்தின லீவு நாட்களுக்கு ஆளுக்கொரு டைம்டேபிள் போட்டுக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

போன மாதம் குடியுரிமைப் படிவம் கொடுக்கப் போனேன். இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வரப்போகிறது அல்லவா, ஆபீஸ் வாசலில் தேர்க்கூட்டம். ‘தொழில்’ என்ற இடத்துக்கு வந்ததும் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், “நேரத்தைச் செலவழிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டுக் குடும்பப் பெண் என்று எழுதிக்கொண்டார். அதைத் திருத்த வேண்டுமானால் இன்னொரு படிவம் வாங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமாம். போதுமடா சாமி என்று வந்துவிட்டேன்.

இதையெல்லாம் சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த வேலையை நான் கற்றுக்கொண்டது உங்கள் ஊரில்தான். அங்கே அந்த வேலையில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். ஒன்பது வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

2

சொல்ல வைத்தவள் என் மகள் ரூத். ஏழு வயதில் கப்பலேறியவள், இப்போது பதினாறு. இங்கிலீஷில் கனவு காண்கிறாள் என்று நினைக்கிறேன், தூக்கத்தில் அதில்தான் பேசுகிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். “இங்கன வா” என்று நான் கூப்பிட்டால் என் குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்லித் தோழிகளோடு சிரிப்பாள். முதலில் கோபம் வந்தது. இப்போது அவள் அந்த ஒரு வார்த்தையையாவது வைத்திருக்கிறாளே என்று இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பிரின்சிபல் அம்மாள் என் டைம்டேபிள் ஒன்றைப் பார்த்துவிட்டு மெச்சிக்கொண்டார். அதில் தினமும் ஒன்றரை மணி நேரம் ஓய்வு உண்டு. ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில் வரும். திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வரும். ஓய்வை இப்படி மாற்றி மாற்றி வைப்பது மூளைக்கு மிகவும் நல்லது, இதை அச்சடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்றார். நானும் பெருமையோடு தலையாட்டிவிட்டு, நல்ல பிரதி எழுத வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ரூத் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் தமிழ்க் காலண்டருக்கு முன்னால் நின்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளானாலும் எண் தெரியும் இல்லையா?

“மம்மி, வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு. ரெண்டுலயும் அதேதான் இருக்கு. சனி, ஞாயிறு எல்லாமே சேம். இது என்ன டைம்?”

ராகு காலம் என்றேன்.

“அப்படின்னா?”

சொன்னேன். நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாத நேரம் என்று இந்துக்கள் நினைப்பார்கள் என்றேன். ரூத் என்னைப் பார்த்தாள். ஞாயிறு தவறாமல் வேதக்கோவிலுக்குப் போகும், சோதிடக்காரனை வாசற்படி ஏறவிடாத அம்மா.

“நீங்க ஏன் இதைப் போட்டீங்க?”

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

3

நம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம். என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார்; நாங்கள் கிறிஸ்தவர்கள், உங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள். ரயிலடிக்குப் போகும் ரோட்டில் வாடகை வீடு. நான் கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பொறுப்பில் இருந்தவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. இன்டர்மீடியட்டில் மார்ச்சில் தவறிவிட்டு, செப்டம்பரில் மறுபடி எழுதவிருந்த நாலு பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். நாலு பேரும் மக்கு இல்லை. படிக்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான். ஒரே நோட்ஸைக் கூடத்தில் நடந்துகொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை சத்தமாகப் படிப்பார்கள். பேனாவைத் தொடமாட்டார்கள். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கே கிடையாது.

அந்த நாலு பேரில் கோமதி ஒருத்தி. மேலநீலிதநல்லூர்ப் பெண். ஊரிலிருந்து வந்து சங்கரன்கோவிலில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அவள் அப்பா சங்கரபாண்டியன் பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி, மழை பெய்தால்தான் விளையும் மானம் பார்த்த பூமி. அந்த மண்ணில் இருந்து பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியதற்கே ஊரில் அவருக்கு ஏச்சு. லாஜிக்தான் அவள் காலை வாரிவிட்டது. சேர்க்க வந்த அன்றே மனிதர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டார்.

“டீச்சரம்மா, செப்டம்பர்ல தேறிட்டான்னா மேல படிக்க மெட்ராசுக்கே அனுப்புதேன், எவன் என்ன சொன்னாலும் சரி. தேறலன்னா வாசுதேவநல்லூர்ல என் மச்சினன் பொண்ணு கேட்டு மூணு வருசமா நடக்கான். அவனுக்கு வாய்க்காப் பாசனத்துல வயலு இருக்கு. நான் எத்தன நாள் சாக்குச் சொல்ல முடியும்?”

கோமதி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாமனுக்கு அவளைவிடப் பதினைந்து வயது மூப்பு.

இன்னொன்றும் சொன்னார். “ராகு காலத்துல மட்டும் புஸ்தகத்தத் தொறக்க வைக்காதீங்க. எங்க வீட்டுல அது பழக்கமில்ல.”

நான் வாதாடினேன். படிப்புக்கு ஏது ராகு, ஏது கேது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டாரே தவிர இறங்கி வரவில்லை. மற்ற மூன்று வீடுகளிலும் இதே பாட்டு. ஒவ்வொரு வீட்டிலும் அந்த நேரத்தில் பிள்ளையைப் படிப்பிலிருந்து எழுப்பிவிடுகிறார்கள், நான் போட்ட டைம்டேபிள் நார் நாராகக் கிழிகிறது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியும் மூளைக்கு ஓய்வு வேண்டும். அது எந்த ஒன்றரை மணி நேரமாக இருந்தால் என்ன? நாளுக்கு நாள் மாறும் ராகு காலத்தையே ஓய்வு நேரமாகப் போட்டுவிட்டேன். தகப்பன்மாருக்குத் திருப்தி, எனக்கும் காரியம் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை அடித்தேன். அவர், “நம்ம சபைக் குருவானவர் காதுல விழாமப் பாத்துக்கோ” என்றார்.

4

அந்த நாலு மாதமும் நன்றாகவே போயிற்று. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே நெரிந்த நாட்களில்கூடக் கோமதி ஒரு நாள் தவறவில்லை. ஒரு கேள்விக்கு இத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதப் பழக்கினேன். கோமதி பேய் மாதிரி எழுதுவாள். மூணு மணி நேரப் பேப்பரை ஒன்றே முக்கால் மணியில் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

தொந்தரவு எல்லாம் ஓய்வு நேரத்தில்தான். பரீட்சை நெருங்க நெருங்க ஓய்வெடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். நான் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். களைத்த மூளையில் ஒன்றும் ஏறாது, நிலத்தைத் தரிசு போடுகிற மாதிரி என்று விளக்கிப் பார்த்தேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் திரும்பி வந்தால் கோமதி லாஜிக் எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பொல்லாத கோபம்.

“ஏட்டி, என்ன நேரம் இது? ராகு காலத்துல படிச்சது தங்காது, எழுதுனது நிக்காது. மூடி வை!”

நாலு பேரும் பட்டென்று மூடிவிட்டார்கள். மாதக்கணக்காக நான் சொன்ன நல்ல வார்த்தைக்கு இல்லாத மரியாதை, அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்தது. கோமதி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“நெசமாவா டீச்சர்?”

“நெசந்தான்.”

அவள் பேனாவை வைத்தாள். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் நான் காவல் இருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாதிரிப் பரீட்சைகளைக்கூட வெள்ளிக்கிழமையானால் மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றி வைத்தேன். அசல் பரீட்சை பத்து மணிக்குத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையாவது அவர்களை உட்கார வைத்து எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நேரத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவளின் லட்சணம் இது.

லாஜிக் பேப்பர் வெள்ளிக்கிழமை வந்தது.

5

பரீட்சை முடிவு வந்த செய்தித்தாளில் மூன்று பேருடைய நம்பர் இருந்தது. கோமதியுடையது இல்லை. நான் நம்பவில்லை, அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். அன்று மத்தியானம் அவளே வந்து சொன்னாள்.

“அரை மணி நேரம் நல்லா எழுதுனேன் டீச்சர். பத்தரைக்கு ஒரு கேள்வியில முட்டிக்கிட்டு. மணியப் பாத்தேன். இப்ப எழுதுனா நிக்காதேன்னு பேனாவ வச்சிட்டேன். பன்னெண்டுக்கு மேல ஒரு மணி நேரம் இருக்கே, நான்தான் வேகமா எழுதுவேனேன்னு நெனச்சேன். பன்னெண்டு மணிக்குப் பேனாவ எடுத்தா எழுதுனதையே திருப்பித் திருப்பி எழுதுதேன். பாதிகூட முடியல.”

ஏன் எழுதவில்லை என்று ஹாலில் மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் இரண்டு தரம் வந்து கேட்டாராம். தலைவலி என்று சொல்லியிருக்கிறாள்.

“பைத்தியக்காரி” என்றேன். அதுதான் முதலில் வாயில் வந்தது.

மறுநாள் காலையில் சங்கரபாண்டியன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கேட்டீங்களா டீச்சரம்மா கூத்த? பரீட்ச எழுதப் போன எடத்துல ராகு காலம் பாத்திருக்கா. நான் பாக்குதேன், இல்லைங்கல. வெதைக்கப் பாப்பேன், வீட்டுல விளக்கேத்தப் பாப்பேன். அதுக்காவ ரயிலு வந்து நிக்கும்போது ராகு காலம்னு பிளாட்பாரத்துல உக்காந்திருப்பனா? கோர்ட்டுல கூப்பிட்டா, இப்ப வரமாட்டேன் எசமான்னு சொல்லுவனா? சர்க்கார் வச்ச நேரத்துக்கு ஏது ராகு காலம்? இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

உண்மைதான். பரம்பரையாக அதைப் பார்க்கிறவர்களுக்கு எங்கே பார்க்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற விவரம் தெரிந்திருந்தது. நம்பிக்கை இல்லாத நான்தான் அதைக் கோடு போட்டுக் கட்டம் கட்டி இரும்புச் சட்டமாக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்களே, வேதக்காரி பிடித்தாலும் அதே குரங்குதான் போலிருக்கிறது.

அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். “நீங்க ஏதும் இப்பிடிச் சொல்லிக் கொடுத்தீங்களா?”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரின் பினாங்கு வேலைக்கான தாள்கள் போக வேண்டியிருந்தது. மிஷன் பள்ளிக்கூட வேலை. சபைக் குருவானவரிடமிருந்து எங்கள் இருவருக்கும் நன்னடத்தைக் கடிதம் வேண்டும், அது இல்லாமல் மற்ற எந்தத் தாளும் நகராது. அந்தக் குருவானவரோ, கல்யாணத்துக்கு நாள் பார்த்த ஒரு குடும்பத்தை நற்கருணைக்கு வரவிடாமல் ஆறு மாதம் நிறுத்தி வைத்தவர். வாத்தியார் பெண்சாதியே ராகு காலம் போட்டு டைம்டேபிள் கொடுத்தாள் என்று ஊரில் பேச்சு கிளம்பினால் எங்கள் கதை முடிந்தது.

“பரீட்சையில எழுதாதேன்னு நான் சொல்லல அண்ணாச்சி” என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை அது நிஜம். நான் அப்படிச் சொல்லவில்லைதான். இதைவிடக் கேவலமான பொய்யை என் ஆயுசில் நான் சொன்னதில்லை.

கோமதி பக்கம் நான் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே போன ஒரு மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தப்புதான், இன்னும் ஒரு மார்ச் பரீட்சைக்கு மட்டும் விடுங்கள், நானே பொறுப்பு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருப்பார். ஊரை எதிர்த்துப் பெண்ணைப் படிக்க வைத்தவர், கேட்டிருப்பார்.

“சரிதான். எங்க வீட்டுக் கழுதைக்குத்தான் புத்தி இவ்வளவு” என்றார். “நட ஏட்டி.”

தை மாதம் கல்யாணம். பத்திரிகை வந்தது. கல்யாணத்தன்று நாங்கள் கப்பலில் இருந்தோம்.

6

ரூத் முழுதும் கேட்டாள். இவ்வளவு நீளமாக என் தமிழைப் பொறுமையாக அவள் கேட்டது அன்றுதான்.

“அப்புறமும் ஏன் அதே டைம்டேபிளைப் போடுறீங்க?”

இங்கு வந்த முதல் வருஷம், லீவு நாட்களுக்கு ஒன்று போட்டுக் கொடு என்று அவசரமாகக் கேட்டார்கள். கை தானாக எழுதிவிட்டது. சீனப் பிள்ளைக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் ராகுவைத் தெரியவா போகிறது, இங்கே ஆபத்தில்லை என்று நினைத்தேன். கூச்சம் என்று ஒன்று இருந்தால் அது கையையாவது தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. மனுஷ மனசு இப்படித்தான் என்று பொதுவில் போட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை, என் மனசு இப்படி.

“அந்த அக்காகிட்ட ஸாரி சொன்னீங்களா?”

“இல்ல.”

ரூத் அடிப்பிடித்த சட்டியை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் பிரின்சிபல் அம்மாளிடம் போய், இதை அச்சடிக்க வேண்டாம், வேறு ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். ஏன் என்றார். இதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, என் சாமர்த்தியம்தான் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேலநீலிதநல்லூர் சங்கரபாண்டியன் அவர்களுக்கு என்று கடிதம் எழுதினேன். நாலு பக்கம். உங்கள் மகள் புத்தி கெட்டுச் செய்யவில்லை, நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள், அன்று உங்கள் முன்னால் நான் மறைத்தேன் என்று எழுதினேன். உங்கள் வீட்டு வழக்கத்துக்காகத்தான் அப்படிப் போட நேர்ந்தது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த வரியை ஏன் சேர்த்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. வாசுதேவநல்லூர் தபால் முத்திரை. கோமதியின் கையெழுத்து பழையபடியே சாய்ந்து ஓடியது.

“டீச்சர் அவர்களுக்கு, கோமதி எழுதுவது. அய்யா போன வருசம் காலமாகிவிட்டார்கள். உங்கள் கடிதத்தைத் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். இங்கு எல்லாரும் சுகம். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறேன். கடைசி வரை அய்யா என்னை முட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் வீட்டு வழக்கத்தினால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை டீச்சர். அய்யா ராகு காலம் என்று சொன்னபோதெல்லாம் நான் மாட்டுத் தொழுவத்துக்குப் போய் ஒளிந்திருந்து படித்திருக்கிறேன். ஒரு நாளும் நம்பியதில்லை. நீங்கள் வேதக்காரர். பி.ஏ. படித்தவர். உங்களிடமே நிஜமா என்று கேட்டேன். நீங்கள் நிஜம் என்று சொன்னதால்தான் நம்பினேன்.

அன்று அய்யா உங்களிடம் கேட்டபோது நான் தலையைக் குனியவில்லை. நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.”

ரூத் பக்கத்தில் வந்து நின்று, அக்கா என்ன எழுதியிருக்காங்க, படிச்சுக் காட்டுங்க என்றாள். அவளால் சாய்ந்த தமிழ் எழுத்தைப் படிக்க முடியாது. எந்த வரியை விட்டுவிட்டுப் படித்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.